பழைய கணினியும் புதிய நினைவகமும்

திருகோணமலைக் கடற்காற்றுக்கு இனிமையும் உண்டு, உப்பும் உண்டு. மாலையில் கடற்கரையில் உலாவுவோர் இனிமையை நுகர்கின்றனர். வீட்டிலுள்ள இயந்திரங்களுக்கோ உப்புத்தான் எஞ்சுகின்றது. இதனை நினைவூட்டும் நிகழ்ச்சியொன்று அண்மையில் உவர்மலையில் நேர்ந்தது.

துறைமுகத்தில் பணிபுரியும் நண்பர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். அவருடைய மகள் உயர்தர வகுப்பு மாணவி. வீட்டிலிருப்பது 2011ஆம் ஆண்டில் வாங்கிய மேசைக் கணினி. ஒரு பக்கம் திறப்பதற்குள் தேநீர் ஆறிவிடுகின்றதாம். சில நாட்களில் திரை இருண்டே கிடக்குமாம்.

"பிள்ளையின் படிப்புக் கெடுகிறது, ஐயா. வீட்டில் இருக்கும் காப்பை அடகு வைத்தாவது புதியது ஒன்று வாங்கலாமென்று நினைக்கிறேன்," என்றார்.

2022இல் ஓர் அமெரிக்க டாலரின் விலை சில மாதங்களுக்குள் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியதை நாம் மறந்திருக்க மாட்டோம். இறக்குமதியாகும் கணினி அன்று முதல் நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டாத பொருளாயிற்று. ஆகவே, "காப்பு வீட்டைவிட்டுப் போகுமுன் கணினியைத் திறந்து பார்ப்போம்," என்றேன்.

நண்பர் தயக்கத்துடன் சட்டைப் பையிலிருந்து ஒரு நினைவகத் துண்டை எடுத்தார். 'றாம்' என்று கடைகளில் கேட்டு வாங்குகிறோமே, அதுதான். "இது புதிய வகை, வேகம் கூடியது என்று கடையில் தந்தார்கள். எப்படி வைத்தாலும் பொருந்தவில்லை."

பொருந்தாமற் போனதும் நல்லதே! அவர் வாங்கியது டி.டி.ஆர்.4 வகை, கணினி கேட்பதோ டி.டி.ஆர்.3. முன்னதற்கு 288 தொடுமுனைகள், 1.2 வோல்ட் மின்சாரம். பின்னதற்கு 240 தொடுமுனைகள், 1.5 வோல்ட். அதற்கும் முந்திய டி.டி.ஆர்.2 வகைக்கும் 240 தொடுமுனைகளே எனினும், அதற்கு 1.8 வோல்ட் வேண்டும். தவறான துண்டு உள்ளே நுழையாதபடி ஒவ்வொரு வகைக்கும் விளிம்பிலுள்ள வெட்டை வேறு வேறு இடத்தில் அமைத்திருக்கிறார்கள். அழுத்தித் திணிப்பவர் தாய்ப்பலகையையே இழப்பார்.

நண்பர் சிரித்தார். "கப்பலின் ஆழம் பார்த்துத்தானே நாங்களும் துறை கொடுக்கிறோம்!" என்றார். இதைவிடத் தெளிவாக என்னாலும் சொல்ல முடியாது.

நினைவகம் என்பது யாது? 1966இல் அமெரிக்க அறிஞர் ரொபர்ட் டெனார்ட் கண்ட வழி இது. ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி. இவ்விரண்டும் சேர்ந்து ஒரு சிறு செய்தியைத் தாங்குகின்றன. 1968இல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. மின்தேக்கியிலுள்ள மின்னூட்டம் ஓட்டைக் குடத்து நீர்போல் கசிந்துகொண்டேயிருக்கும். ஆதலால் வினாடியில் பல முறை அதனைப் புதுப்பிக்க வேண்டும். மின்சாரம் நின்றால் அத்தனையும் மறந்துபோகும். நினைவகம் போதாதபோது கணினி தன் வேலையை வன்தட்டிலே கொண்டுபோய் வைத்தும் எடுத்தும் அல்லற்படுகின்றது. தேநீர் ஆறும் காரணம் இதுவே.

பெட்டியைத் திறந்தோம். நினைவகத்திற்கு இரண்டு இடங்கள். ஒன்றில் 2 ஜி.பி. துண்டு, மற்றையது வெறுமை. தாய்ப்பலகையிற் பொறித்திருந்த பெயரைக் கொண்டு தயாரிப்பாளரின் குறிப்பைப் பார்த்தோம். 16 ஜி.பி. வரை ஏற்குமென்று தெரிந்தது. இருந்த துண்டின் தொடுமுனைகளோ கடற்காற்றில் மங்கிக் கிடந்தன. மின்னிணைப்பைக் கழற்றி, பெட்டியின் உலோகத்தைத் தொட்டுக் கையிலுள்ள நிலைமின்னைப் போக்கிய பின், அழிறப்பரால் மெல்லத் துடைத்தோம். திரை இருளும் நோய் அத்துடன் நின்றது. ஒரு சதமும் செலவில்லை.

பின்னர், பயன்படுத்திய டி.டி.ஆர்.3 துண்டுகள் இரண்டு, ஒவ்வொன்றும் 4 ஜி.பி., ஒரே வகையில் வாங்கினோம். இரண்டு ஒத்த துண்டுகள் இணைந்து உழைக்கும். வேகம் வேறுபட்டால் வேகம் குறைந்ததன் நடையிலேயே இரண்டும் செல்லும். வன்தட்டுக்குப் பதிலாகச் சிறிய எஸ்.எஸ்.டி. ஒன்றையும் பொருத்தினோம். சுழலும் பாகம் அதற்கில்லை. தேடும் நேரமும் மிகச் சொற்பம்.

இன்னொன்றையும் மாற்ற வேண்டியிருந்தது. பழைய விண்டோஸ் 32 பிட் வகை, 4 ஜி.பி.க்கு மேல் அதனால் ஆளவியலாது. விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11 இத்தகைய முதிய செயலியை முறைப்படி ஏற்பதில்லை. மகளின் பாடக் கோப்புகளைப் பிரதி செய்து வைத்தபின், இலவசமான லினக்ஸின் 64 பிட் வகையை நிறுவினோம். கட்டுரை எழுதவும் பைதன் பயிலவும் அது தாராளமாய்ப் போதும்.

மாணவர்களே, கடைக்குப் போகுமுன் மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: நினைவகத்தின் வகை, தாய்ப்பலகை ஏற்கும் உச்ச அளவு, வெறுமையாயுள்ள இடங்களின் எண்ணிக்கை. பழைய துண்டைக் கையிலே கொண்டு செல்லுங்கள். மடிக்கணினியின் துண்டு குட்டையானது. மேசைக் கணினிக்கு ஆகாது. ஏ.எம்.டி. செயலிக்கு மட்டும் என்று மலிவாக விற்பது இன்ரெல் கணினியில் இயங்காது. பொருந்தாவிடில் மாற்றித் தருவார்களா என்பதையும் கேட்டு வாங்குங்கள்.

எல்லா முதுமைக்கும் மருந்துண்டு என்று நான் சொல்லவில்லை. தாய்ப்பலகை பழுதானால், அல்லது திரைப்படம் தொகுப்பது போன்ற பெரு வேலை இருந்தால், பழையதில் பணத்தைக் கொட்டுவது வீண். ஆனால் குறை எங்கேயென்று அறியாமல் கடன்படுவது அதனினும் வீண்.

அன்று மாலை நண்பரின் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தார். அவர் கையிலே காப்பு இருந்தது. தேநீர் ஆறுமுன்பே மகள் பாடத்தைத் திறந்து படிக்கத் தொடங்கிவிட்டாள்.