கப்பலின் தாமதம் யார் கணக்கில்?

நமது சேலம், நாமக்கல் சமவெளிக்குக் கடற்கரை இல்லை. ஆயினும் நம் மக்களின் பிழைப்பு கடலோடு பிணைந்திருக்கிறது. நாமக்கல் முட்டை தூத்துக்குடியிலும் கொச்சியிலும் கப்பலேறி வளைகுடா நாடுகளுக்குச் செல்கிறது. குமாரபாளையம், பள்ளிபாளையம் பகுதிகளில் நெய்யும் துணியும் கடல் கடக்கிறது. ஆகவே கப்பல் போக்குவரத்தின் இடையூறுகள் பெரிய வணிகர்களின் கவலையே என்று நம் சங்க அங்கத்தினர்கள் வாளாவிருத்தல் ஆகாது.

2023 நவம்பர் முதல் செங்கடலில் வணிகக் கப்பல்கள் தாக்கப்பட்டதை யாவரும் அறிவர். ஐரோப்பா செல்லும் கப்பல்கள் பல சூயஸ் கால்வாயைத் தவிர்த்து, நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்றன. பயணம் 10 முதல் 14 நாள் வரை நீண்டது, கப்பற்கூலி உயர்ந்தது, காலிக் கண்டெய்னர்கள் உரிய காலத்தில் திரும்பவில்லை. இத்தகைய தடை புதியதன்று. 1967 முதல் 1975 வரை அக்கால்வாய் முற்றிலும் மூடிக் கிடந்தது. 2021 மார்ச்சில் ஒரே கப்பல் குறுக்கே சிக்கி ஆறு நாள் வழியை அடைத்தது. தடை மீண்டும் வரும் என்று கொண்டே நாம் திட்டமிடுதல் வேண்டும்.

கப்பல் மூழ்கினால் காப்பீடு உண்டு. தாமதித்தால்? 1963-ஆம் ஆண்டுக் கடல்வழிக் காப்பீட்டுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, தாமதத்தால் விளையும் நஷ்டத்துக்கு, பத்திரத்தில் தனியே எழுதப்பட்டாலன்றி, காப்பீட்டாளர் பொறுப்பில்லை என்கிறது. 1957-இல் மத்திய அரசு ஏற்படுத்திய ஏற்றுமதிக் கடன் உத்தரவாத நிறுவனம், வெளிநாட்டார் பணம் தராமற்போகும் ஆபத்துக்குக் காப்பளிக்கிறது. சரக்கின் இயல்பால் வரும் கெடுதலுக்கு அக்காப்பு நீளாது.

எனவே தாமதத்தின் நஷ்டம் எவரேனும் ஒருவர் தலையில் விழுந்தே தீரும். நீர் பள்ளத்தை நாடுவதுபோல் அது கடைசி மனிதனை நாடுகிறது. ஏற்றுமதியாளர் பட்டுவாடாவைத் தள்ளிவைக்கிறார்; இடையிலுள்ளவர் பாவு தருவதை நிறுத்துகிறார்; நெசவாளியின் தறி நிற்கிறது. கோழிப் பண்ணையாளரோ முட்டையை நெடுநாள் வைத்திருக்க இயலாமல் வந்த விலைக்கு விற்கிறார். நாற்பது அடிக் குளிர்பதனக் கண்டெய்னர் ஒன்று நிறைய நான்கரை லட்சம் முட்டைக்கு மேல் வேண்டும். சிறு பண்ணை தனித்து என் செய்யும்?

நம்மினும் இடர்ப்பட்டு வாணிகம் செய்வோர் உளர். பாலஸ்தீனத்து மேற்குக் கரைக்குச் சொந்தத் துறைமுகம் இல்லை. அங்கு விளையும் ஒலிவ எண்ணெய் கப்பலேற இஸ்ரேலின் அஷ்டோது அல்லது ஹைஃபா துறைமுகத்துக்குச் செல்ல வேண்டும். சோதனைச் சாவடியில் சரக்கை ஒரு லாரியிலிருந்து இறக்கிச் சோதித்து, மறு லாரியில் ஏற்றுகிறார்கள். காத்திருக்கும் செலவு வணிகரையே சாரும். நமக்கு அத்தகைய தடை இல்லை. துறைமுகமும் சாலையும் நம் நாட்டினுடையவை. எனினும் காத்திருப்பின் செலவை வலுவற்றவனே சுமக்கிறான் என்னும் கொடுமை ஈரிடத்தும் ஒன்றே.

இதற்குப் பரிகாரம் கூட்டுறவே என்பது நம் துணிபு. முதலாவது, சரக்கை ஒப்படைத்த நாளிலிருந்து இத்தனை நாளில் பணம், கப்பல் எப்போது சேரினும் சரி என்று ஒப்பந்தத்தில் எழுதிப் பெற வேண்டும். இரண்டாவது, அண்டைச் சங்கங்கள் ஒன்றுகூடி ஒரு கண்டெய்னரை நிரப்பித் தாமே பேரம் பேச வேண்டும். மூன்றாவது, ஆண்டு லாபத்தில் ஒரு பகுதியைத் தாமத நிதியாக ஒதுக்கி, தறி நிற்கும் நாளில் அங்கத்தினருக்கு முன்பணம் தர வேண்டும்.

இவ்வாறு கண்டிப்புக் காட்டினால் வணிகர் வேறிடம் போய்விடுவார் என்று சிலர் அஞ்சுவர். ஒரு சங்கம் மட்டும் கேட்டால் போகக்கூடும். வட்டாரச் சங்கங்கள் யாவும் ஒரே நிபந்தனை விதித்தால் எங்கே போவார்? குறித்த நாளில் குறித்த தரத்தில் சரக்குத் தரும் கடமையை நாமும் ஏற்றால், அந்நிபந்தனை நியாயமானதாகவும் அமையும்.

1906-இல் வ. உ. சிதம்பரனார் தூத்துக்குடியில் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது, 25 ரூபாய்ப் பங்குகளாகவே மூலதனம் திரட்ட முனைந்தார். நாம் கப்பல் வாங்கச் சொல்லவில்லை. சிறு தொகைகள் சேர்ந்து கப்பலையே விட முயன்ற நாட்டில், கப்பலின் தாமதத்தைத் தாங்கும் நிதி திரட்டல் அரிதன்று. அடுத்த மகாசபைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதனைச் சேர்க்குமாறு ஒவ்வொரு நிர்வாகக் குழுவையும் வேண்டுகிறோம்.