எதைப் பார்த்து பிரேக் பிடிக்கிறாய்?



சென்ற மாதம் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். செம்பனைத் தோட்டம். பசியாறி முடித்து முன்கூடத்துக்கு வந்தால், தங்கை மகன் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து கார்ப் பந்தயம் ஓட்டிக்கொண்டிருக்கிறான். யாரிடமோ பழையதாக வாங்கிய பிளேஸ்டேஷன். இரண்டு கையிலும் பொத்தான் பெட்டி. உடம்பு வேறு காரோடு சேர்ந்து வளைகிறது!

"பாருங்கண்ணே, லீவு வந்தா இதே வேலதான். புத்தகத்தத் தொட்டு ரெண்டு நாளாச்சு" என்றாள் தங்கை.

என் மச்சான் ஒன்றும் பேசவில்லை. அவர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். இருபது வருடத்துக்கு மேலாகிறது. வீட்டில் நிலவிய அமைதிக்குக் காரணம் பிறகுதான் தெரிந்தது. பையனுக்கு அடுத்த ஆண்டு 16 வயது ஆகிறது. நம் நாட்டில் 16 ஆனால் மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் எடுக்கலாம். அவன் கேட்கிறான்; அப்பா முடியாது என்கிறார். போன வருடம் தோட்டத்து இறக்கத்தில் பக்கத்து லயத்துப் பையன் ஒருவன் வளைவில் விழுந்து காலை முறித்துக்கொண்டான். அதைக் கண்ணால் பார்த்தவர் மச்சான். அதற்குப் பிறகு மோட்டார் பேச்சை எடுத்தாலே அவருக்கு முகம் மாறிவிடுகிறது. இரண்டு மாதமாக அப்பனுக்கும் மகனுக்கும் பேச்சு அதிகம் இல்லை.

பையன் ஓட்டிக்கொண்டிருந்தது நம்முடைய செப்பாங் பந்தயத் தடம். 1999-இல் திறந்தது. ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள். 1999 முதல் 2017 வரை ஃபார்முலா 1 கார்ப் பந்தயம் அங்கே நடந்தது. அதனால் அந்தப் பந்தய ஆட்டத்தின் 2017-ஆம் ஆண்டுப் பதிப்பிலும் செப்பாங் இருக்கிறது. பார்வையாளர் மேடைக்கு இரண்டு பக்கமும் இரண்டு நீண்ட நேர்பாதைகள். பின்பக்க நேர்பாதையில் முழு வேகத்தில் வந்து, 15-ஆவது வளைவில் கொண்டை ஊசி மாதிரி இடது பக்கம் திரும்ப வேண்டும்.

அங்கேதான் நம் பையன் ஒவ்வொரு சுற்றிலும் மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தான். ஒரு தடவை பிரேக்கைச் சீக்கிரம் பிடித்துவிடுகிறான். பின்னால் வருகிறவன் தாண்டிப் போகிறான். அடுத்த தடவை கோபத்தில் தாமதமாகப் பிடிக்கிறான். நேராக வெளியே போய்விடுகிறான்.

நாலாவது தடவை போனபோது, பின்னால் நின்றிருந்த மச்சான் வாயைத் திறந்தார்.

"எதப் பாத்துடா பிரேக் புடிக்கிற?"

பையன் திரும்பிப் பார்த்தான். "முன்னுக்குப் போற காரப் பாத்துப்பா. அவன் புடிக்கும்போது நானும் புடிக்கிறேன்."

"அவன் தப்பாப் புடிச்சா?"

பையனிடம் பதில் இல்லை. மச்சான் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பொத்தான் பெட்டியை வாழ்நாளில் தொட்டதில்லை. ஆனால் அன்றைக்கு அவர் சொன்னதையும், பையன் ஆட்டத்தில் செய்து பார்த்ததையும் உங்களுக்குச் சொல்லத்தான் இந்த வாரம் பேனாவை எடுத்தேன்.

மில்லுக்குப் போகும் வழியில் ஓர் இறக்கம். பாரம் ஏற்றிய லோரிக்கு அங்கே எப்போது வேகத்தைக் குறைப்பது என்பதில் மச்சானுக்குக் கணக்கு உண்டு. "மதகு தாண்டி ரெண்டாவது கரண்டுக் கம்பம். காலி லோரின்னா மூணாவது கம்பம் வரைக்கும் போகலாம். மழைன்னா மதகுலயே புடிக்கணும்." இதுதான் குறி. பந்தயக்காரர்களும் இதைத்தான் செய்கிறார்கள்.

குறி எப்படி இருக்க வேண்டும்? முதல் விதி, அது அசையக்கூடாது. முன்னால் போகும் கார் அசையும். மரத்தின் நிழல் அசையும்; இப்போதைய சில ஆட்டங்களில் பொழுது நகர நகர நிழலும் நகர்கிறது. ரப்பர் கூம்பு வைத்திருந்தால் யாராவது இடித்துத் தள்ளிவிடுவார்கள். பந்தயத் தடங்களில் வளைவுக்கு இன்னும் எத்தனை மீட்டர் என்று 150, 100, 50 என எண் போட்ட பலகைகள் நிறுத்தியிருப்பார்கள். பலகை இல்லாத வளைவில், ஓரத்துச் சிவப்பு வெள்ளைக் கல் தொடங்கும் இடம், தார் நிறம் மாறும் இடம், வேலியில் ஓர் இடைவெளி, மேலே போகும் பாலம் என ஏதாவது ஒன்று அகப்படும்.

இரண்டாவது விதி, குறி ஓட்டுகிறவன் கண்ணுக்குக் கடைசிவரை தெரிய வேண்டும். பக்கவாட்டில் இருப்பது, அருகில் வந்ததும் திரையின் ஓரத்தில் மறைந்துவிடும். அப்படியானால் இன்னும் சற்று முன்னால் உள்ள ஒன்றைப் பிடித்துக்கொண்டு, "அது கடந்து ஒரு நொடிப் பாதி" என்று கணக்கு வைக்கலாம்.

இந்த ஆட்டங்களில் தடத்தின் மேலேயே ஒரு வண்ணக் கோடு போட்டுக் காட்டும் வசதி உண்டு. பச்சை என்றால் போகலாம். சிவப்பு என்றால் பிரேக். புதிதாக ஆடுகிறவனுக்கு நல்ல துணைதான். ஆனால் கோட்டையே பார்த்து ஓட்டுகிறவன் தடத்தைப் பார்ப்பதில்லை. முதலில் கோடு சிவக்கும் இடத்துக்கு அருகில் என்ன இருக்கிறது என்று பார்த்துவைத்துக்கொண்டு, பிறகு கோட்டை அணைத்துவிட வேண்டும். கோட்டை வளைவில் மட்டும் காட்டச் சொல்லியும் வைக்கலாம்.

அடுத்தது, குறியை நகர்த்தும் முறை. முதல் சுற்றில் வேண்டுமென்றே சீக்கிரம் பிடிக்க வேண்டும். வளைவுக்குள் வேகம் மிச்சமாகக் குறைந்துவிட்டதா? அடுத்த சுற்றில் காரின் நீளத்துக்குக் கொஞ்சம் தள்ளிப் பிடி. அப்படியே சிறுகச் சிறுக. நம் பையன் செய்ததுபோல் ஒரு சுற்றில் இங்கே, மறு சுற்றில் அங்கே என்று தாவினால் எது சரியென்று எப்படித் தெரியும்? பிடிக்கும்போது முதலில் அழுத்திப் பிடித்து, திரும்பத் தொடங்கும்போது மெல்ல விட வேண்டும். சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொண்டால் வண்டி திரும்பாது. நேராக வழுக்கிக்கொண்டு போகும்.

ஒரு தடவை குறி கண்டுபிடித்தால் அதுவே வேதம் என்றும் இருக்கக்கூடாது. பந்தயத் தொடக்கத்தில் காரில் எண்ணெய் நிறைய இருக்கும், பாரம் அதிகம். டயரும் சூடாகியிருக்காது. அப்போது குறியை முன்னுக்கு இழுக்க வேண்டும். மழையென்றால் இன்னும் முன்னுக்கு. மற்றொரு காரின் பின்னால் ஒட்டிப் போனால் காற்றுத் தடை குறைந்து நம் வேகம் கூடிவிடும்; அப்போதும் முன்னுக்கு. காலி லோரிக்கும் பாரலோரிக்கும் மச்சான் வேறு வேறு கம்பம் வைத்திருப்பதும் இதனால்தானே?

இதில் உள்ள கணக்கை நான் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். 300 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 83 மீட்டர் ஓடிவிடுகிறது. நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதித்தாலே 8 மீட்டர் போய்விட்டது. வேகம் இரண்டு மடங்கானால் நிற்கத் தேவைப்படும் தூரம் இரண்டு மடங்கு ஆவதில்லை. நான்கு மடங்கு ஆகிறது. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு!

பையன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்: "மாமா, மோட்டார் 60-இல போனா?"

"ஒரு நொடிக்கு 17 மீட்டர். மாடு குறுக்கே வந்ததப் பாத்து, கை பிரேக்குக்குப் போறதுக்குள்ள ஏறக்குறைய அவ்வளவு தூரம் ஓடிடும். அதுக்கப்புறம்தான் வண்டி நிக்கவே ஆரம்பிக்கும்."

மச்சான் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். "வாடா, பின்னால உக்காரு" என்றார். தன் மோட்டாரில் மகனை ஏற்றிக்கொண்டு அந்த இறக்கத்துக்குப் போனார். அரை மணி நேரம் கழித்துத் திரும்பினார்கள். பையன் இறங்கும்போதே, "மதகுக்கு முன்னுக்கே மண்ணு ரோட்டுல ஏறிக் கெடக்கு மாமா. அங்க புடிச்சா வழுக்கும். அதுக்கும் முன்னால புடிச்சு முடிச்சிடணும்" என்றான். அவனாகவே கண்டுபிடித்த குறி அது.

வாசகர்களே, ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். திரையில் ஓட்டத் தெரிந்தவனுக்குச் சாலையில் ஓட்டத் தெரியும் என்று நான் சொல்லவில்லை. செப்பாங்கில் வெளியே போனால் ஒரு பொத்தானை அழுத்தி மறுபடி தொடங்கலாம். செம்மண் பாதையில் அந்தப் பொத்தான் கிடையாது. லோரியிலிருந்து விழுந்த குலை, முதல் மழையில் மேலே வரும் எண்ணெய்ப் பிசுக்கு, விளக்கில்லாமல் எதிரே வரும் சைக்கிள் எல்லாம் ஆட்டத்தில் இல்லை. பந்தயத்தில் எவ்வளவு தாமதமாகப் பிடிக்கலாம் என்று தேடுகிறோம். சாலையிலோ எவ்வளவு சீக்கிரம் பிடித்தால் நல்லது என்று தேட வேண்டும். தேடும் பழக்கம் ஒன்றுதான். தேடும் திசை வேறு.

மோட்டார் வாங்கித் தருவதாக மச்சான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் "முடியாது" என்ற சொல் இப்போது "பாப்போம்" என்று மாறியிருக்கிறது. வேலை இல்லாத நாட்களில் மகனைப் பின்னால் உட்காரவைத்து, எந்த வளைவுக்கு எது குறி என்று அவனையே சொல்லச் சொல்கிறாராம். தங்கை தொலைபேசியில் சொன்னாள். வீட்டில் மறுபடியும் பேச்சுச் சத்தம் கேட்கிறதாம்.

உங்கள் வீட்டிலும் ஒரு பையனோ பெண்ணோ இப்படித் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கலாம். திட்டுவதற்கு முன்னால் ஐந்து நிமிடம் பக்கத்தில் உட்காருங்கள். "எதைப் பார்த்து பிரேக் பிடிக்கிறாய்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் தெரியாவிட்டால், உங்கள் கம்பத்தையும் மதகையும் சொல்லிக் கொடுங்கள்.

அடுத்த வாரம் சந்திப்போம். சாலையில் பார்த்துப் போங்கள்.