ஆளரவமற்ற நகரங்கள்

இஸ்தான்பூல் பல்கலைக்கழக நூலகத்தில் காக்கப்பட்டு வரும் பழைய கையெழுத்துப் பிரதி ஒன்றில், எதிரெதிரான இரண்டு பக்கங்களை நிறைத்தவாறு அந்நகரின் ஓவியம் தீட்டப்பட்டுள்ளது. ஒரு பக்கத்தில் கலாத்தா, மறு பக்கத்தில் இஸ்தான்பூல், நடுவே ‘பொற்கொம்பு’ எனப்படும் கடற்கழி. மதில்களும் குவிமாடங்களும் மினாராக்களும் மரங்களும் நிறைந்திருக்கின்றன. ஆயினும் அத்தனை பெரிய தலைநகரில் ஒரு மனிதர்கூட இல்லை!

இதனைப் படைத்தவர் மத்ராக்சி நஸூஹ். போஸ்னியாவில் பிறந்து உஸ்மானிய அரண்மனைப் பள்ளியில் பயின்றவர். ‘மத்ராக்’ என்பது தோல் உறையிட்ட கோல்களைக் கொண்டு ஆடும் வீர விளையாட்டு. நம்மவர்க்குச் சிலம்பத்தை நினைவூட்டக் கூடியது. அதில் ஈடிணையற்று விளங்கியதால் அதுவே அவரது பெயரோடு ஒட்டிக் கொண்டது. 1517-இல் கணித நூலொன்றை இயற்றி முதலாம் சலீம் சுல்தானுக்குக் காணிக்கையாக்கினார். போர்க்கருவிப் பயிற்சி பற்றியும் எழுதினார். தபரீயின் வரலாற்றைத் துருக்கியில் பெயர்த்தார். 1530-இல் சுல்தான் சுலைமானின் மைந்தர்களுக்கு நடைபெற்ற சுன்னத் விழாவில், காகிதத்தால் இரண்டு கோட்டைகளை அமைத்து, அவற்றிடையே போலிப் போர் ஒன்றை நடத்திக் காட்டி நகர மக்களை வியப்பில் ஆழ்த்தினாராம். ஓவியர் என்று மட்டும் அவரைச் சொல்லிவிட இயலாது.

1534-இல் சுலைமான் பாரசீகத்தின் மீது படையெடுத்துத் தப்ரீஸ் வழியாகப் பக்தாதை அடைந்தார். 1536-இன் தொடக்கத்தில் தலைநகர் திரும்பினார். நஸூஹ் உடன் சென்றார். அரபு இராக், அஜமி இராக் ஆகிய இரண்டையும் குறித்து ‘இரு இராக்குகள்’ என அழைக்கப்பெற்ற அப்பயணத்தின் தங்குமிடங்களை விவரித்து அவர் எழுதிய நூலே நாம் மேலே குறிப்பிட்டது. நூற்றுக்கு மேற்பட்ட ஓவியங்கள் அதில் உள்ளன. பக்தாத், ஹலப், தப்ரீஸ், நஜஃப், கர்பலா போன்ற புகழ்மிக்க ஊர்களோடு, ஓர் ஓடையும் ஒரு பாலமும் தவிர வேறேதுமில்லாத சிற்றிடங்களுக்கும் அவர் இடமளித்துள்ளார்.

ஒரே இடத்தில் நின்று காண்பது போல அவர் வரையவில்லை. மதிலை மேலிருந்தும், கட்டடத்தை நேரெதிரிலிருந்தும் காட்டுவார். ஐரோப்பிய ஓவியங்களில் பழகிய கண்ணுக்கு இது முதலில் குழப்பம் தரும். சற்றுப் பொறுத்து நோக்கினால், ஊருக்குள் நடந்து சென்று ஒவ்வொன்றையும் கண்டு வந்த உணர்வு ஏற்படுகிறது.

மனிதர் ஏன் இல்லை? உயிருள்ளவற்றின் உருவம் வரைவதை மார்க்கம் விரும்பாததே காரணம் என நம்மில் பலர் உடனே கூறக்கூடும். ஆனால் அவ்விளக்கம் இங்கே முழுமையாகப் பொருந்தவில்லை. அதே அரசவைக்காக 1558-இல் முடிக்கப்பெற்ற ‘சுலைமான் நாமா’வில் சுல்தானும் படைவீரரும் தாராளமாகக் காட்சியளிக்கின்றனர். நஸூஹின் ஓவியங்களிலும் மான்கள் உலவுகின்றன, பறவைகள் திரிகின்றன. பெரும்படையோடு நடந்து சென்றவர், அந்தப் படையையே விட்டுவிட்டார்! படை கடந்து போய்விடும், இடம் நிலைத்திருக்கும்; இடத்தைப் பதிவு செய்வதே அவரது நோக்கம் என்பதே நமது கருத்து.

பின்னர் 1543-ஆம் ஆண்டுப் போர்ப் பயணங்களைப் பற்றிய நூலிலும் இதே முறையையே அவர் கையாண்டார். நீஸ், தூலோன், ஜெனோவா ஆகிய துறைமுகங்கள் அதில் கப்பல்களுடன் காணப்படுகின்றன. 1564-இல் நஸூஹ் மறைந்தார்.

ஆனால் நிலைத்திருக்கும் என்று எண்ணிய இடங்களும் நிலைக்கவில்லை. இஸ்தான்பூலை வென்ற சுல்தான் எழுப்பிய ஃபாத்திஹ் பள்ளிவாசல் 1766-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் இடிந்தது. இப்போதிருப்பது வேறு அமைப்பில் மீண்டும் கட்டப்பட்டதாகும். முந்தைய பள்ளியின் தோற்றத்தை ஆராய்வோர் நஸூஹின் பக்கங்களைத்தான் புரட்டுகின்றனர். அலெப்போ என்று இன்று வழங்கும் ஹலப் நகரைத் தீட்டிய பக்கமும் அத்தகையதே. நடுவே மேட்டின் மீது கோட்டை, சுற்றிலும் நெருக்கமான வீடுகள், மதில். 2012 முதல் 2016 வரை நீடித்த போரில் அப்பழைய நகரின் பெரும் பகுதி பாழானது. 2013 ஏப்ரலில், 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அதன் பெரிய பள்ளிவாசல் மினாரா சரிந்து விழுந்தது. மக்கள் வெளியேறிய தெருக்களை அந்நாட்களில் செய்தித்தாள்கள் படம் பிடித்து வெளியிட்டன. நஸூஹின் ஹலபிலும் மனிதர் இல்லை. ஆனால் அங்கே ஒவ்வொரு கூரையும் முழுமையாக இருக்கிறது.