குனியும் முறை மட்டும் போதாது

சின்னமனூர் வாழைத்தாரும் போடிநாயக்கனூர் ஏலக்காய் மூட்டையும் கம்பத்துத் திராட்சைப் பெட்டியும் யாரோ ஒருவரின் தோளேறியே லாரியை அடைகின்றன. முழங்காலை மடக்குங்கள், சுமையை உடலோடு அணையுங்கள், தூக்கியபடி இடுப்பைத் திருப்பாதீர்கள் என்று முதுகுவலியோடு வருவோரிடம் ஓயாமல் கூறுகிறோம். சரியான அறிவுரைதான், ஆயினும் 50 கிலோ மூட்டையை எத்துணை நேர்த்தியாக எடுத்தாலும் அது 50 கிலோவே.

ஆண் தொழிலாளி ஒருவர் சுமக்கும் எடை 55 கிலோவைத் தாண்டினால் விரைந்து குறைக்க வேண்டுமெனப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் பரிந்துரைத்தது. அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனம் 1991-இல் திருத்திய கணக்கோ, எல்லாம் சாதகமாக அமைந்தாலும் 23 கிலோவோடு நிறுத்துகிறது. சுமை உடலைவிட்டு விலகினால், அல்லது தரையிலிருந்து எடுக்க நேர்ந்தால், அவ்வளவும் ஆகாது.

எனவே எங்கள் வேண்டுகோள் சுமப்பவரிடம் அன்று, மூட்டை கட்டுபவரிடம். சாக்கைப் பாதியளவே நிரப்புங்கள். நடை கூடுமே என்பீர்கள், கூடத்தான் செய்யும். கூலியை மூட்டைக் கணக்கில் அளிக்காமல் எடைக் கணக்கில் அளித்தால் சுமப்பவருக்கு இழப்பில்லை. சிகிச்சை பெற்றுத் திரும்பியவரை மறுவாரமே பழைய சுமைக்கு அனுப்பாதிருக்கக் குடும்பத்தாரும் துணைநிற்க வேண்டும்.

முதுகுவலியோடு கால் வலுவிழந்தாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, சிறுநீர் தடைபட்டாலோ, அறியாது கழிந்தாலோ விடியும்வரை காத்திராமல் அப்போதே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.