சென்சார் லைட் திருடனுக்கா, அம்மாவுக்கா?

சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள், திருவையாற்றில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவுக்கு வாங்கித் தரும் பொருட்களில் மோஷன் சென்சார் லைட்டும் சேர்ந்துவிட்டது. கேட்டால் திருட்டுப் பயம் என்பார்கள். லீவுக்கு வரும்போது வாசலில், தெருவைப் பார்த்து மாட்டிவிட்டுப் போவார்கள். தியாகராஜர் ஆராதனை நாட்களில் தெருவில் போகிற ஒவ்வொருவருக்கும் அது எரிந்து எரிந்து அணையும். உண்மையில் மாட்ட வேண்டிய இடம் கொல்லைப்புறம்.

ராத்திரி எழுந்து குழாயடிக்கோ கழிவறைக்கோ போகிறவர்கள் கால் வைப்பது அங்கேதான். சுற்றிலும் வயல், கண்ணாடி விரியன் நடமாடுவதும் இரவில்தான். ஆனால் ஒன்று, சென்சார் பாம்பைக் கண்டுபிடிக்காது. வீட்டு லைட்டுகளில் வரும் பி.ஐ.ஆர். சென்சார் கேமரா மாதிரி பார்ப்பதில்லை. சுற்றுப்புறத்தைவிடச் சூடான உடம்பு நகர்வதை உணர்கிறது. பாம்பின் உடல் சூடு கிட்டத்தட்ட தரையின் சூடுதான். ஆக, அது கவனிப்பது அம்மாவை. அம்மா வந்ததும் தரை தெரிய வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை.

‘அதுக்கு ராத்திரி முழுக்க ஒரு பல்பை எரியவிட்டால் போதாதா?’ நியாயமான கேள்வி. கரண்ட் செலவு ஒரு பொருட்டே இல்லை. 10 வாட் எல்.இ.டி. தினம் 12 மணி நேரம் எரிந்தாலும் 2 மாதத்துக்கு 7 யூனிட் சொச்சம்தான். சிக்கல் பூச்சி. நெல்லின் தண்டு துளைப்பான் அந்துப்பூச்சியும் புகையானும் வெளிச்சத்தைத் தேடி வருபவை. விவசாயிகள் விளக்குப்பொறி வைப்பதே இதை நம்பித்தான். விடியவிடிய எரியும் கொல்லை பல்பும் ஒரு விளக்குப்பொறிதான், பூச்சியைக் கூப்பிடும், கொல்லாது. பக்கத்து வயல்காரர் சும்மா இருப்பாரா? பூச்சியைத் தின்னத் தவளை வரும். தவளையைத் தேடி எது வரும் என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பல சென்சார்களின் அடியில் மூன்று திருகுகள் இருக்கும். ‘டைம்’ முக்கியம். வாங்கி வந்தபடியே விட்டால் சில லைட்டுகள் பத்து விநாடியில் அணைந்துவிடும். முட்டிவலியோடு மெல்ல நடப்பவருக்கு நடுவழியில் இருட்டானால், அது லைட்டே இல்லாததைவிட மோசம். ஒன்று, இரண்டு நிமிடம் வைக்கலாம். ‘லக்ஸ்’ திருகை நிலா படம் பக்கம் திருப்பினால் நன்றாக இருட்டிய பிறகே எரியும். ‘சென்ஸ்’ தூரத்துக்கு. கோடையில் இரவும் புழுங்கும்போது உடம்புச் சூட்டுக்கும் காற்றுக்கும் வித்தியாசம் குறைந்து சென்சார் மந்தமாகும். சித்திரையில் கொஞ்சம் கூட்ட வேண்டியிருக்கும். கொல்லையில் மாடு கட்டியிருந்தால், லென்ஸில் அந்தப் பக்கத்தை மட்டும் டேப் ஒட்டி மறைத்துவிடலாம்.

நேராக வருபவரைவிடக் குறுக்கே போகிறவரைச் சென்சார் சீக்கிரம் கண்டுகொள்ளும். அதனால் நடக்கிற வழிக்குப் பக்கவாட்டுச் சுவரில், ஏழெட்டு அடி உயரத்தில், வயலைப் பார்க்காமல் தரையைப் பார்த்து மாட்டுவது நல்லது. மஞ்சள் வெளிச்சத்துக்கு வெள்ளையைவிடப் பூச்சி குறைவு. சோலார் வேண்டாம், ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சார்ஜ் ஏறாது, லைட் அதிகம் தேவைப்படுவதும் அப்போதுதான். கரண்ட் போனால் டார்ச்தான்.

இவ்வளவு செய்தும் பல வீடுகளில் லைட் எரிவதில்லை. ‘எதுக்கு வீணா’ என்று படுக்கும் முன் அம்மா சுவிட்சை அணைத்துவிடுவார். சென்சாருக்கு எந்நேரமும் கரண்ட் வேண்டும். ஊருக்குக் கிளம்பும் முன் அந்தச் சுவிட்சின் மேல் ஒரு டேப்பை ஒட்டி, ராத்திரி ஒருமுறை அம்மாவோடு குழாயடி வரை நடந்து பார்த்துவிட்டு பஸ் ஏறலாம்.