மறதிநோயாளரும் முதியோர் இல்லமும்

முதுமையில் நினைவு தடுமாறுவோரை "அறளை பெயர்ந்தவர்" எனக் கூறி அமைதல் யாழ்ப்பாணத்து வழக்கு. அச்சொல்லில் இரக்கமும் உண்டு, ஏளனமும் உண்டு. ஆயின் அத்தடுமாற்றம் முதுமையின் இயல்பன்று. மூளையைப் பற்றும் நோயின் விளைவாகும். ஜேர்மனிய வைத்தியர் அலோயிஸ் அல்சைமர் தம் நோயாளி ஒருவரின் மூளையிற் கண்ட மாற்றங்களை 1906ஆம் ஆண்டிலே அறிஞர் அவையில் எடுத்துரைத்தார். அவர் பெயரால் வழங்கும் நோயே மறதிநோய்களுள் மிகுதியாகக் காணப்படுவது. 2021ஆம் ஆண்டில் உலகில் 5 கோடியே 70 இலட்சம் மக்கள் மறதிநோயுற்றிருந்தனர் என உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. அல்சைமர் நோயை முற்றாகத் தீர்க்கும் மருந்து இன்றும் இல்லை. ஆதலின் மருந்தால் இயலாததைப் பராமரிப்பே செய்தல் வேண்டும்.

பிள்ளைகள் கடல்கடந்து வாழப் பெற்றோர் தனித்திருக்கும் வீடுகள் நம்மிடையே பல. இரவென்றும் பகலென்றும் அறியாது எழுந்து நடப்பவரை ஒருவர் தனிநின்று காத்தல் எளிதன்று. எனவே, முதியோர் இல்லத்தை நாடுதல் பழிக்கத்தக்க செயலன்று. அங்கு விட்டபின் நடப்பது யாதென உசாவாதிருத்தலே பழிக்கத்தக்கது. ஊரார் சொல்லுக்கு அஞ்சி மறைவாகக் கொண்டுபோய் விடுவோர், அவ்வச்சத்தாலேயே போய்ப் பார்ப்பதையும் குறைத்துக்கொள்வர். பார்ப்பாரற்ற இடத்திற் பராமரிப்புத் தளரும்.

நல்ல இல்லம் யாது? வெள்ளையடித்த சுவரும் நேரந்தவறாத உணவும் வேண்டுவனவே. அவை மட்டும் போதா. இங்கிலாந்தின் பிறாட்போட் பல்கலைக்கழகத்தில் ஆய்வு நடத்திய ரொம் கிற்வூட் என்னும் அறிஞர், 1997ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், நோயை முன்வைத்து மனிதனைப் பின்வைக்கும் வழக்கத்தைக் கண்டித்தார். ஏமாற்றுதல், அவசரப்படுத்துதல், குழந்தைபோல் நடத்துதல், அருகிலிருப்பவரை இல்லாதவர்போற் கருதிப் பேசுதல் ஆகியனவும் நோயாளரை நலிவிக்கும் என்பது அவர் கருத்து. ஒல்லாந்தின் வீஸ்ப் நகரில் 2009ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற ஹோகவெய்க் இல்லம், வீடுகளும் கடையும் தெருவும் கொண்ட சிற்றூர்போல் அமைந்தது. நோயாளர் அதனுள்ளே தாமாக உலாவுவர். அத்துணைப் பொருட்செலவு நமக்கு இயலாதாயினும், பூட்டிய அறையினும் நிழலுள்ள முற்றம் நன்று என்னும் உண்மையை நாம் கொள்ளலாம்.

இல்லமொன்றை மதிப்பிடச் செல்வோர் மூன்று வினாக்களை எழுப்புக. முதலாவது, பராமரிப்பாளர் அவரை அறிவரோ? முப்பது ஆண்டு "வாத்தியார்" என அழைக்கப்பெற்றவரைக் "கிழவன்" என அழைத்தல் அவரிடம் எஞ்சியிருப்பதையும் பறித்தலாகும். அவர் செய்த தொழில், விரும்பும் உணவு, வழிபடும் நேரம் ஆகியவற்றை ஓர் ஏட்டில் எழுதிவைக்கப் பெருஞ்செலவு ஆகாது. இரண்டாவது, அமைதிக்காக அவரைக் கட்டிவைத்தலோ மயக்கமருந்து கொடுத்தலோ உண்டோ? மறதிநோயுற்ற முதியோருக்குச் சில மனநோய் மருந்துகளைக் கொடுத்தல் இறப்பை மிகுவிக்கும் என 2005ஆம் ஆண்டிலேயே அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் எச்சரித்துள்ளது. மூன்றாவது, அவர் மொழியிற் பேசுவார் உளரோ? பிற்காலத்திற் கற்ற மொழி முதலில் நழுவத் தாய்மொழி எஞ்சி நிற்றல் இந்நோயாளர் பலரிடம் காணப்படுவது. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் முதுமையெய்தும் நம்மவர்க்கு இவ்வினா மிக இன்றியமையாதது.

இலங்கையில் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் உளது. சட்டமும் பதிவும் வேண்டுவனவே. ஆயின் பதிவுப் பத்திரம் பசித்தவர்க்குச் சோறூட்டாது. பசியென்று சொல்லத் தெரியாதவரின் அருகிலிருந்து ஊட்டுவதற்குப் பொறுமையும் பயிற்சியும் உடைய கைகள் வேண்டும். அக்கைகளுக்குத் தக்க ஊதியமும் வேண்டும்.

மண்டபம் எழுப்பவும் விழா எடுக்கவும் பொருள் ஈட்டும் பழைய மாணவர் சங்கங்கள், ஆண்டுதோறும் சில பராமரிப்பாளரின் பயிற்சிச் செலவை ஏற்றல் தகும். அண்மையிலுள்ள இல்லத்திற்கு மாதம் ஒருமுறை முறைவைத்துச் செல்லுதலும் தகும். நமக்கு எழுத்தறிவித்தோருள்ளும் சிலர் அங்கு இருத்தல் கூடும். அவர் நம் பெயரை மறத்தல் நோயின் செயல். நாம் அவர் பெயரை மறத்தல் நம் செயலேயாம்.