காலியாக நிற்க வேண்டிய டேங்க்

புது பிளான்ட் டிசைன் மீட்டிங்கில் செலவைக் குறைக்கச் சொன்னால் முதலில் கை வைப்பது கேட்ச் டேங்கில்தான். "வருஷம் பூரா சும்மா நிற்கிறதுக்கு இவ்வளவு பணமா?" என்பார்கள். என்னைக் கேட்டால், கடைசி வரை கை வைக்கக் கூடாதது அதில்தான்.

இந்தத் துறையில் இல்லாதவர்களுக்காக: ரியாக்டரில் வினை கட்டுக்கடங்காமல் சூடேறினால் அழுத்தம் எகிறும். அது வெடிக்காமலிருக்க சேஃப்டி வால்வு திறக்கும், அல்லது ரப்சர் டிஸ்க் என்கிற மெல்லிய தகடு கிழியும். ரியாக்டர் பிழைத்தது, சரி. வெளியே வந்த சரக்கு எங்கே போகும்?

இத்தாலியில் செவேசோ பக்கத்து இக்மேசா ஆலையில், 1976 ஜூலை 10 அன்று, அது ஆகாயத்துக்குப் போனது. டிஸ்க் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. பிடித்து வைக்க டேங்க் இல்லை. டயாக்சின் கலந்த புகை ஊர் மேல் இறங்கியது.

போபாலில் 1984 டிசம்பரில் பொங்கியது ரியாக்டர் அல்ல, சேமிப்பு டேங்க். வால்வைத் தாண்டி ஸ்க்ரப்பரும் ஃப்ளேரும் இருக்கத்தான் இருந்தன. ஆனால் ஃப்ளேருக்குப் போகும் குழாய் கழற்றிக் கிடந்தது. ஸ்க்ரப்பரோ அவ்வளவு வேகத்தில் வரும் வாயுவுக்காகச் செய்ததே இல்லை. சுமார் 40 டன் ஊருக்குள் போனது. ஆக, ஏதோ ஒன்று இருந்தால் போதாது. அளவும் சரியாக இருக்கணும்.

அளவு எப்படி? அடுப்பில் பால் பொங்குவதைப் பாருங்கள். ஆவி மட்டுமா வெளியே வருகிறது? நுரையோடு பாலும்தான். ரியாக்டரும் அப்படித்தான். அமெரிக்க கெமிக்கல் இன்ஜினியர்கள் சங்கம் 1976-ல் தொடங்கிய டியர்ஸ் ஆய்வு இதைத்தான் தோண்டியது. ஆவிக்கு மட்டும் கணக்குப் போட்டால் வென்ட் குழாயும் போதாது, டேங்கும் போதாது. ரியாக்டர் முழுவதும் வந்து சேரும் என்றே எடுத்துக்கொள்ளணும்.

ஒரு மனக்கணக்கு. 150 டிகிரியில் 5 டன் சரக்கு வருகிறது. டேங்கில் 30 டிகிரித் தண்ணீர். கலவை 80 டிகிரியைத் தாண்டக் கூடாது. சரக்கின் தன்வெப்பம் தண்ணீரில் பாதி என்றால், 3.5 டன் தண்ணீர் வேண்டும். மேலே வாயுவுக்கு இடமும் விட்டால் 10 கன மீட்டருக்குக் குறையாத டேங்க். வரும் வழியிலும் வினை நடந்துகொண்டே இருந்தால் அந்தச் சூடு தனி.

எல்லாவற்றுக்கும் தண்ணீர் ஆகாது. போபாலில் வினையைக் கிளப்பியதே உள்ளே புகுந்த தண்ணீர்தான். குளிர்ந்தாலும் திரவமாகாத வாயு வந்தால் டேங்கிலிருந்து ஸ்க்ரப்பருக்கு வழி வேண்டும். அந்த வழி குறுகலானால் எதிர் அழுத்தம் ஏறி, ரியாக்டரே மூச்சு முட்டும். வென்ட் குழாயில் சரக்கு தேங்கி உறையும் பள்ளமும் இருக்கக் கூடாது.

இத்தனையும் சரியாகச் செய்த பிறகும் ஒரு வியாதி உண்டு. கழுவிய சால்வென்ட்டை வைக்க இடமில்லை என்று புரொடக்‌ஷன்காரர்கள் கேட்ச் டேங்கில் நிரப்பி வைப்பார்கள். "ரெண்டு நாள்தான் சார்" என்பார்கள். அந்த ரெண்டு நாள் முடியவே முடியாது. பாதி நிரம்பிய டேங்க் காகிதத்தில்தான் 10 கன மீட்டர். அதன் லெவல் மீட்டரை ஷிஃப்ட்டுக்கு ஒருமுறை பார்த்து எழுதணும். அளவு மீறியிருந்தால் பேட்ச் தொடங்கவே கூடாது என்பது என் கட்சி.

வாபியோ அங்கலேஷ்வரோ தாஹேஜோ, நம்மில் பலர் குடும்பத்தோடு இருப்பது ஆலைக்குக் கூப்பிடு தூரத்தில். காற்று அடிக்கும் பக்கத்தில்தான் பிள்ளைகளின் ஸ்கூலும் இருக்கிறது. பிளான்ட்டில் இருக்கிறவர்கள் நாளைக்கு டியூட்டிக்குப் போனதும் ஒரு கேள்வி கேளுங்கள்: "நம்ம கேட்ச் டேங்க் இப்போ காலியா?" உடனே பதில் வராவிட்டால், நீங்களே போய்ப் பார்த்துவிடுங்கள்.